மாரிசாமி சிறைபிடித்த கோழிகள்

மைசூரில் வித்யாரண்யபுரத்துக் கடைசித் தெருவில் மாரிசாமி என்று ஒருவர் இருந்தார். ராமாபுரத்து விவசாயக் குடும்பம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கிடைத்து வந்தவர். மைசூர் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று புதுப்பெயர் வைத்த சமயத்தில் அவருக்கும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒயிட் லெகார்ன் என்ற வெள்ளைச் சீமைக்கோழி வளர்க்க ஆரம்பித்தார்.

வளர்த்தார் என்பது அவர் சொல்லிக்கொண்டது. தண்ணீர் வைத்து, தீவனம் போட்டு, எச்சம் வழித்தது மனைவி மாதம்மா. மாரிசாமியின் பங்கு, சாயங்காலம் கம்பி வலைக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. பெரிய இடத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டவர் போல ஒர்க்‌ஷாப்பில் பேசுவார்.

பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் இருந்தவை நாட்டுக்கோழிகள். கூண்டு கிடையாது, முருங்கை மரத்தில் தூங்கும். விடிந்ததும் வேலியில் நுழைந்து வந்து, லெகார்ன்கள் சிந்திய தீவனத்தைக் கிளறித் தின்னும். அவற்றின் கறுப்புச் சேவல் லெகார்ன் கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்று கூவும்.

"கௌரம்மா, உங்க கோழிகளால வெள்ளைக் கழிச்சல் ஒட்டுச்சுன்னா என் லெகார்ன் அத்தனையும் போயிரும்" என்று வேலியோரம் நின்று கத்தினார் மாரிசாமி.

"நம்ம கோழிக்கு ஏன் சீக்கு வரப்போவுது மாரண்ணா? அது ஓடுது, பறக்குது. உங்களுதுதான் ஆபீசர் மாதிரி உக்காந்தே இருக்குது, பாவம்" என்றாள் கௌரம்மா, பூண்டு உரித்தபடியே.

ஆபீசர் என்ற சொல்லில் இருந்த கேலி அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில், ராகியைத் தூவி, சேவலையும் கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடினார்.

"அந்தம்மா வந்து, இனிமே வராதுன்னு சொல்லிக் கேட்டு வாங்கிட்டுப் போவட்டும், புள்ள" என்றார் மாதம்மாவிடம்.

கௌரம்மா வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகளின் பிரசவத்துக்காக நரசீபுரம் பஸ் ஏறிவிட்டாள். போகிற வழியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்: "கோழிங்கள மாரண்ணன் பார்த்துக்கறார். தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் திண்டாடிப் போனார். திறந்துவிட்டால் தோற்றது போல. பட்டினி போட்டால் பாவம். செத்தால் தெருவே பேசும். கீரி ஒன்று கூடையைச் சுற்ற ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் லெகார்ன் கொட்டகையிலேயே ஒரு மூலையைத் தடுத்து அவற்றை விட்டார். அந்தத் தடுப்பைச் சேவல் மறுநாளே பறந்து தாண்டியது. மாரிசாமியின் லெகார்ன் சேவலை விரட்டி விரட்டிக் கொத்தியது. லெகார்ன் சேவல் பரண் ஏறி உட்கார்ந்ததுதான், சாப்பிடக்கூட மற்றவை தின்று ஒதுங்கிய பிறகுதான் இறங்கும். சொகுசாகத் தின்று கொழுத்த நாட்டுக்கோழி ஒன்று, லெகார்ன் முட்டைகள்மேல் அடைக்குப் படுத்தது.

கௌரம்மா பேரனைப் பார்த்துவிட்டு, வெற்றிலையும் வாழைப்பழமுமாக நன்றி சொல்ல வந்தபோது, குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த குஞ்சுகள்.

"அப்பன் யாருன்னு பார்த்தாலே தெரியுதே அண்ணா! அடைகாத்த அம்மாவும் என்னுது. குஞ்சும் என்னுதுதானே?"

மாரிசாமி தொண்டை கிழியக் கத்தினார். "முட்டை என்னுது! தீவனம் என்னுது! கொட்டகை என்னுது!"

விளக்குமாற்றோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள் மாதம்மா. "ஏனுங்க, முட்டை போட்டது நீங்களாக்கும்?"

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.

"வந்த கோழி, இருந்த கோழி அத்தனைக்கும் எச்சம் வழிச்சது நானு. குஞ்சு எனக்கு. அக்கா, உங்க கோழிகளப் புடிச்சிட்டுப் போங்க. தாய்க்கோழி மட்டும், குஞ்சுகளுக்கு றெக்கை முளைக்கற வரைக்கும் இங்க இருக்கட்டும். பெருசானா ஒரு சேவக்குஞ்சு உங்களுக்குத் தர்றேன்."

"ஆய்த்து மாதம்மா, சரி" என்று கௌரம்மா வாழைப்பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மாரிசாமிக்கு வெற்றிலை மட்டும் மிஞ்சியது.

அந்த மழைக்காலத்தில் லெகார்ன்கள் முட்டையிடுவதைக் குறைத்தன. அவற்றை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்ற மாரிசாமி, தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விளக்கம் சொன்னார். மாதம்மா கம்பி வலைக் கதவைக் கழற்றி அவரைக்காய்ப் பந்தலுக்குப் போட்டாள். இரண்டு வீட்டுக் கோழிகளும் இஷ்டப்படி போய்வந்தன.

யுகாதிக்கு மறுநாள், வீட்டுக்கு வீடு கறி சமைக்கும் ஹொசதொடகு அன்று, மாதம்மா கொடுத்த சேவலைக் குழம்பு வைத்து ஒரு பாத்திரம் அனுப்பினாள் கௌரம்மா. மாரிசாமி ராகி முத்தைக் களியோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"லெகார்ன் என்ன கோழி, சவசவன்னு. நாட்டுக்கோழிதான் கோழி. நான் அப்பவே சொன்னேன். இனிமே இத எப்படி வளர்க்கணும்னு நானே உனக்குச் சொல்லித் தர்றேன், புள்ள."

மாதம்மா விளக்குமாற்றை நீட்டினாள். மாரிசாமிக்கு அவசரமாகக் கடைக்குப் போகவேண்டியிருந்தது.