தம்பியின் டோக்கனும் என் வெட்கமும்

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் டர்னராக இருந்தேன். என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான் திருட்டுத்தனம் செய்தேன். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாமல் அன்றே மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளில் காலைச் சங்கு ஊதுவதற்குள் அவரவர் பித்தளை டோக்கனை கேட் பெட்டியில் போட வேண்டும். டோக்கன் விழுந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடுவதும், பிந்தி வருகிறவனைக் கிண்டலடிப்பதுமாக கேட் வாசலே அமர்க்களப்படும். அந்தக் கூச்சலை நினைத்தால் இன்றைக்கும் மனசு லேசாகிவிடுகிறது. ஒரு திங்கட்கிழமை அந்த நெரிசலில், என் டோக்கனோடு தம்பி தாஸின் டோக்கனையும் சேர்த்துப் போட்டேன்.

தாஸும் என் ஷாப்பில்தான், அதே தொழில்கூடத்தில், ஃபிட்டர். திருமுல்லைவாயிலில் எங்களோடுதான் இருந்தான். பத்து நாள் தூக்கமில்லாமல் நடந்துகொண்டே இருந்தவன், ஒருநாள் மெயின் ரோட்டில் பஸ்ஸை மறித்து, "பிரேக் இல்ல, எறங்குங்க" என்று எல்லோரையும் இறக்கிவிட்டான். போலீஸ் வந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் சொல்லும்வரை வெளியே விடமாட்டார்கள். புதன்கிழமைதோறும் அரை நாள் லீவு போட்டு, மின்சார ரயிலில் போய்ப் பார்த்து வந்தேன்.

அவன் லீவும் தீர்ந்தது. மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். கொடுத்தால் அதில் ஆஸ்பத்திரி பெயர் இருக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊருக்குப் போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு ஃபோர்மேன் கூப்பிட்டார்.

"இன்னா சாமு, தம்பி ஊர்ல கீறான்னு சொல்லிகினு கீற. அவன் டோக்கன் மட்டும் வேலைக்கு வந்துகீதா?"

அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ பண்ணதுக்கு உனக்கு மெமோ உண்டு. அவன் சர்ட்டிபிகேட்ட வாங்கியா, நானே ஆபீஸ்ல குடுக்கறேன். சீக்குன்னா சீக்குதான். இதுல இன்னா வெக்கம்?"

அந்தப் புதன்கிழமை நான் கொண்டுபோன இட்லியை தாஸ் மெதுவாகத் தின்றுகொண்டிருந்தான். மாத்திரையால் நாக்கு குழறியது. "இனிமே ஷாப்ல தெரிஞ்சிடும்டா. இத்தினி நாளா நீ ஊருக்குப் போய்ட்டன்னு சொல்லி வச்சிருந்தேன்" என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அதனாலதான் ஷாப்லேர்ந்து ஒருத்தனும் வரலியா? ஒவ்வொரு புதங்கிழமையும் கேட்டையே பாத்துகினு இருந்தேண்ணே. நா அவ்ளோ கெட்டவனான்னு நெனச்சிகினேன்."

மறைத்ததெல்லாம் அவன் மானத்துக்காக என்று நினைத்திருந்தேன். என் மானத்துக்காகத்தான் மறைத்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு வேண்டியவர்களிடமாவது சொல்லிவிடுங்கள்.

அவன் வேலை தப்பியது. எனக்கு மெமோ வந்தது. அடுத்த புதன்கிழமை ஷாப்பிலிருந்து ஆறு பேர் என்னோடு ரயிலேறினார்கள். அவர்களைப் பார்த்ததும் தாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.