மகளின் டப்பாவில் என் சளி

என் மகளின் பெயர் ஒட்டிய டப்பாவில் துப்பியவன் நான்தான்.

ஆம்... நான்தான்! நாற்பத்தேழு வயது. ஜவ்வாது மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். வாந்தி எடுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவர்களைக்கூடச் சிரிக்க வைத்து உள்ளே இழுத்தவன். அப்பேர்ப்பட்டவன், ஆறு வயதுப் பெண்ணின் சளி என்று சொல்லி என் சளியைக் கொடுத்தேன். அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். இதைவிட அருவருப்பானது பின்னால் வருகிறது.

கீர்த்தனாவுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். மலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார்.

"சளியை மெஷின்ல வெச்சா, அதுல டி.பி. கிருமியோட மரபணு இருக்கா இல்லையான்னு ரெண்டு மணி நேரத்துல சொல்லிடும். ஆனா சின்னப் பிள்ளைங்களுக்குத் துப்பத் தெரியாது, முழுங்கிடுவாங்க. இப்ப இருமிப் பாக்கட்டும். வரலைன்னா நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. மூக்கு வழியா சின்னதா ஒரு குழாய் விட்டு வயித்துல இருந்து எடுத்துக்கலாம்."

மூக்கு வழியாகக் குழாய்!

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தக் குழாய் என் கண்ணுக்குக் கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் அளவுக்குத் தெரிந்தது. "அப்படியே அதுல ஒரு டம்ளர் பாலும் ஊத்திடுங்க மேடம், வூட்ல குடிக்க மாட்டேன்றா" என்றேன். நர்ஸ் சிரித்தாள். பயந்தால் எனக்கு வாய் இப்படித்தான் ஓடும்...

டப்பாவோடு கீர்த்தனாவை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கூட்டிப்போனேன். இருமினாள், வெறும் எச்சில்தான் வந்தது. எனக்கோ பல மாதமாகப் பீடி இருமல். கேட்டால் கேட்ட இடத்தில் வரும்! திரும்பி நின்று, காறி, மூடியைத் திருகினேன்.

"அப்பா, அது என்னுது இல்லியே."

"உனுக்கு மூக்குல குழாய் வுடணுமா? வேணாமில்ல? அப்ப கம்முனு இரு."

கம்மென்று இருந்தாள். ஆறு வயதில் அப்பாவின் பொய்க்குக் கூட்டாளி!

நான் நினைத்தது இதுதான்: எனக்கு வெறும் பீடி இருமல்; மெஷின் ஒன்றுமில்லை என்றுவிடும்; டாக்டரம்மா ஒரு பாட்டில் மருந்து எழுதித் தருவார்; வீட்டுக்குப் போய்விடலாம். இப்பேர்ப்பட்ட அறிவாளியை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

மெஷின், "இருக்கிறது" என்றது.

என் சளியே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது! அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன்... எதற்கென்று கேளுங்கள்.

"பெரியவங்க யாருக்காவது இருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கும். வீட்டுல வேற யாருக்கு இருமல்?" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி செல்வி என் பக்கம் திரும்புவதற்குள் முந்திக்கொண்டேன். "மச்சான் ஒருத்தன் வந்திருக்கான் மேடம். கூர்க் தோட்டத்துலேர்ந்து காப்பிக்கொட்டை கொண்டாருவான்னு பாத்தா, இருமலைக் கொண்டாந்திருக்கான்!"

செல்வி சிரிக்கவில்லை. சின்னராஜ் அவளுடைய தம்பி. புளி உலுக்க வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புளிய மரத்துத் தூசியில் அவனும் வந்ததிலிருந்து இருமிக்கொண்டுதான் இருந்தான்.

அவள் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானம் அவனுக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர், வாசலுக்கு வெளியே. எங்கள் மலையில் அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா மாமா, என்னாலயா?" என்று கேட்டான்.

நான் சோற்றில் கல் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கே பையோடு கிளம்பினான். என் பஸ்ஸில்தான்! கடைசி சீட்டில், வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, யார்மேலும் மூச்சுப் படாமல் ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தான். நோய் உள்ளவனோ சீட்டுக்குச் சீட்டு குனிந்து டிக்கெட் கிழித்து, ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே சிரித்து, இருமி...

மூன்றாம் நாள் நர்ஸ் வந்து வீட்டிலுள்ள எல்லோருடைய சளியையும் வாங்கிப்போனாள். எனக்கு மட்டும் இருந்தது. "பாவி, மாமனுக்கும் குடுத்துட்டுப் போய்ட்டான்" என்றது ஊர். நானும் பெருமூச்சு விட்டேன்!

என் கிருமிக்கு என் மகள் மாத்திரை விழுங்கினாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்துப் பயந்து அழுதாள். பதினோரு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் தெரிந்தன... அப்போதுதான் ஓடினேன். செல்வியை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. "நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை குழாய் விட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது முடிந்திருந்தது! அவளுக்கு டி.பி. இல்லை. தொண்டையில் குச்சியால் தடவி எடுத்து, வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மெஷின் வேறொரு கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னது. மருந்தை மாற்றினார்கள். நாலே நாளில் எழுந்து முறுக்கு கேட்டாள்.

"வீட்டுல நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா.

சொன்னேனே! "மொதல்ல மெஷின் தப்பா சொல்லிடுச்சாம்" என்று சொன்னேன்.

என் ஆறு மாத மாத்திரை முடிந்த பிறகு கீர்த்தனாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சின்னராஜ் வந்தான். கம்மல், பாவாடை, பழம் எல்லாம் வைத்த தட்டைப் பந்தலோரம் இறக்கிவிட்டு, அங்கேயே நின்றுவிட்டான். "மாமா!" என்று அவள் ஓடியபோது இரண்டடி பின்னால் போனான்.

நான்தான் கிட்டே போனேன். "டெஸ்ட் எடுத்தியா மச்சான்?"

"ரெண்டு வாட்டி எடுத்தேன் மாமா. ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. ஆனா மெஷினே தப்பா சொல்லுதுன்னு அக்கா போன்ல சொல்லிச்சே... எதை நம்பறது? நான் மடியில வெச்சுக்க மாட்டேன் மாமா. வேற யாரையாவது உக்காரச் சொல்லுங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டான். "பாப்பாவுக்கு வேற கிருமின்னாலும், அவளும் நீங்களும் பட்டதெல்லாம் என் இருமலாலதான? என்னை மன்னிச்சிடுங்க மாமா."

பந்தலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வியும்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும்... அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, ஐயா!

"வுடு மச்சான்... மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.