அலாரம் அக்கா தொலைந்துபோன கதை

அந்த ஜெபக்கூடத்தில் எல்லோரும் அவளை அலாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போதகர் பல் துலக்கி முடிப்பதற்குள் அவள் வந்து கதவைத் தட்டிவிடுவாள். நாற்காலி போடுவது, ஜன்னல் கம்பி துடைப்பது, எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். யாரும் சொல்லிச் செய்யும் வேலை இல்லை, அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. மற்ற நாள்களில் புருஷனோடு சேர்ந்து துணி தேய்க்கும் கடை நடத்தினாள். அவள் தேய்ப்பாள், அவர் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஜெபக்கூடத்துப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார். "எனக்கும் சேத்து நீயே கும்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிடுவார்.

அங்கே முன்பு பாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் அழுகிற குழந்தைகூட அடங்கிப்போகும். குடி அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டை விட்டாள், பாட்டை விட்டாள், கடைசியில் ஆளே கண்காணாமல் போனாள். போதகர் மட்டும் விடவில்லை. மதுக்கடை, பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா என்று நாயாய் அலைந்து அவளைக் கண்டுபிடித்தார். சிகிச்சைக்குச் சேர்த்து, குணமானதும் கையோடு அழைத்து வந்தார்.

அன்றைக்கு ஜெபக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. "வழி தவறிப் போனவங்களைத் தேடிப் போறதுதான் கடவுளோட குணம்" என்று சொல்லும்போதே போதகருக்குக் குரல் உடைந்துவிட்டது. அழாத ஆள் இல்லை. போதகரின் மனைவி தன் சால்வையைக் கழற்றிப் பாட்டுக்காரியின் தோளில் போர்த்தினாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

அலாரம் அக்காவுக்கு வயிறு எரிந்தது. சால்வைக்காக இல்லை. இத்தனை வருஷத்தில் தன்னிடம் யாராவது 'தூங்கினாயா' என்று கேட்டிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. பாட்டுக்காரிக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது முறைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஒழுங்கா இருந்தது என் தப்பா? குடிச்சிட்டுத் தெருவுல விழுந்து கெடந்தாதான் கடவுள் திரும்பிப் பாப்பாரா?"

"அதுக்கு இப்ப என்ன செய்யப்போற?"

"நானும் தொலைஞ்சு போறேன். யாரு தேடி வர்றாங்கன்னு பாக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். "தொலையணும்னா தெருவையாவது தாண்டணும்டி. இஸ்திரி மேசைக்குப் பக்கத்துலயே நின்னுகிட்டுத் தொலைஞ்சு போயிட்டேன்னு சொன்னா யாரு நம்புவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி தேய்த்தாள். செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாம் சட்டை கேட்டுத்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. துணி வாங்க வந்த ஒருத்தி, "உங்க கூடத்துல அந்தப் பொண்ணு மறுபடி பாடுறாளாமே! வெளியில நின்னு கேக்குற அளவுக்குக் கூட்டமாமே!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் கருகியது.

முதலில் அது வெறும் வீம்புதான். ஆனால் காலையில் இஸ்திரிப்பெட்டியைத் தொடுமுன் கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொல்வாளே, அதையும் விட்டுவிட்டாள். எனக்கென்ன, வேண்டுமென்றால் கடவுளே வரட்டும் என்றிருந்தாள். புருஷன் ஏதாவது கேட்டால் வெடுக்கென்று விழுந்தாள். வாடிக்கையாளர்கள் அவள் முகத்தைப் பார்த்துத் துணியை மட்டும் நீட்டிவிட்டு நகர்ந்தார்கள். விளையாட்டாகத் தொலையப் போனவள் நிஜமாகவே தொலைந்துகொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. கையில் துணி இல்லை. பாட்டுக்காரி.

"அக்கா, அப்பாடா, நீங்கதானா! காலையிலேர்ந்து இஸ்திரி கடை இஸ்திரி கடையா ஏறி இறங்குறேன்."

"எதுக்கு?"

"நீங்க வரலையே."

"போதகர் ஐயா அனுப்பினாரா?"

பாட்டுக்காரி இல்லையென்று தலையை ஆட்டினாள். "யாரும் அனுப்பல. உங்க வீடு எங்கன்னு கேட்டேன். ஐயாவுக்கே தெரியல. துணி தேய்க்கிறவங்கன்னு மட்டும்தான் எல்லாரும் சொல்றாங்க. இத்தனை வருஷமா வர்றீங்க, எந்தத் தெருன்னுகூட ஒருத்தருக்கும் தெரியலையே அக்கா!"

அலாரம் அக்காவுக்குச் சுருக்கென்றது. "அங்க அத்தனை பேர் இருக்க, உனக்கு மட்டும் என் ஞாபகம் எப்படி வந்துச்சு?"

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுகிட்டே இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் முறைச்சீங்க. அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. முறைச்ச முகம்தான் மனசுல நின்னுச்சு."

பெட்டியை நிறுத்தி வைத்தாள் அலாரம் அக்கா. மறைக்கத் தோன்றவில்லை.

"எனக்கு உன்மேல பொறாமைடி. கடவுள் உன்னைத் தேடினாரு. என்னைத் தேடல."

"என்மேல பொறாமையா?" பாட்டுக்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயா முதல்ல வந்தப்ப நான் கல்லெடுத்து அடிச்சேன். கண்டுபிடிச்சிட்டாங்களேன்னு அவ்வளவு வெறுப்பு. அவர் நெத்தியில தழும்பு இருக்கே, அது நான் போட்டது. அவ்வளவுக்கு அப்புறமும் வந்தாரு. அப்படி ஒருத்தர் தேடி வர்ற நிலைமை உங்களுக்கு வேணுமா?"

உள்ளேயிருந்து புருஷன் எட்டிப் பார்த்தார். "உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "தேடி வந்துட்டாங்க. இனிமேலாவது என்னைக் கடிக்காம இரு" என்றார்.

மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அலாரம் அக்காவுக்குத் திடீரென்று அழுகை வந்தது. போயும் போயும் இவளைத்தானா அனுப்ப வேண்டும் என்று கடவுள்மேல் கோபமும் கூடவே வந்தது. வேறு யார் வந்திருந்தாலும் தான் கதவைச் சாத்தியிருப்போம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிறு போனாள். பாட்டுக்காரி பாட ஆரம்பித்ததும் வயிறு மறுபடி எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவள் மட்டும் கண்ணைத் திறந்து எந்தெந்த நாற்காலி காலி என்று பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் வராத ஒரு காவல்காரரின் வீட்டை விசாரித்துக்கொண்டு கிளம்பினாள்.

அதுவே பழக்கமாகிவிட்டது. யார் வரவில்லையோ அவர் வீட்டு வாசலில் திங்கட்கிழமை அவள் நிற்பாள். ஆறுதல் வார்த்தையெல்லாம் அவளுக்கு வராது. "ஆளையே காணோமே, தேடி வரணும்னு எதிர்பார்த்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தக் கேள்வியிலேயே பலர் உடைந்து அழுதுவிடுவார்கள்.

சில நாள் அவள் போய்ச் சேர்வதற்குள் பாட்டுக்காரி அந்த வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு முழுக்க அலாரம் அக்கா யாரிடமும் பேசமாட்டாள்.