சீனவெடிக்கு நான் சாத்திய கதவு

ஊரில் சண்டை வந்து, எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. சில வருசத்துக்கு முன், நான் இப்போது இருக்கிற மொன்றியலின் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக் குழுவோடு மெக்சிக்கோவில் ஒரு அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு உதவி செய்யப் போயிருந்தேன்.

ஒரு மத்தியானம் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரைத் தனியப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியில் படபடவென்று வெடிச்சத்தம். வேறொன்றும் யோசிக்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடி, கதவை அடித்துச் சாத்தி, குப்புறப் படுக்க வைத்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். கதவுக்கு உள்பக்கம் கைபிடியே இல்லை என்று பிறகுதான் கண்டேன். யன்னலும் இல்லை. ஆஸ்துமா, முட்டு வருத்தமுள்ள சின்னவள் ரோசாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கதவில் அடித்துக் கத்தினேன். வெடிச்சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. காப்பாற்றக் கொண்டுவந்த பிள்ளையை நானே கொல்லப்போறேனோ என்று தோளால் கதவை இடித்தேன்.

கடைசியில் எங்கள் குழுவின் மேரி அக்காதான் தேடிவந்து திறந்தா.

"என்னடி இது! மாதா சுருவம் ஊர்வலமாச் சுத்தி வருது, சீனவெடி கொளுத்துறாங்கள். நீ ஊர்ச் சண்டையில மாதிரிப் பிள்ளையளைப் பங்கருக்குள்ள வைச்சிருக்கிறாய்!"

"அக்கா, முதல் இவளின்ர மருந்து!"

அக்கா ஓடிப்போய் எடுத்துவந்த மருந்துப் பம்பை வாயில் அடித்த பிறகுதான் ரோசா மூச்சு விட்டாள். அடுத்த வெடிக்கு நான் துள்ள, அவள் தன் சின்னக் கைகளால் என் காதைப் பொத்தினாள்.

இப்போது கோடையில் மொன்றியல் ஆற்றங்கரையில் வாணம் விட்டால் நான் கதவைச் சாத்துவதில்லை. என் பிள்ளைகளோடு பல்கனிக்குப் போய், நெஞ்சு இடிக்க இடிக்க, கடைசி வாணம் முடியும் மட்டும் நிற்கிறேன்.