கட்சி சேராத கணவர்

என் கணவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. நாட்டு அரசியலைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டு அரசியலைச் சொல்கிறேன்.

அவருக்குப் பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஆபீசில் லீவு போட்டுவிட்டு டெரிடோரியல் ஆர்மி முகாமுக்குப் போவார். பகுதிநேரப் பட்டாளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சீருடையில் அரசியல் கூட்டத்துக்குப் போகக் கூடாது, கட்சிக்காக ஓட்டுக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. நியாயம்தான். ஆனால் இந்த மனிதர் அந்தச் சட்டத்தை லிங்கராஜபுரத்தில் எங்கள் சமையலறை வரைக்கும் நீட்டிவிட்டார்.

பிரச்சினை சாம்பார். நான் வேலூர்க்காரி. எங்களுக்குச் சாம்பார் என்றால் புளிப்பும் காரமும்தான். மாமியாரோ பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வெல்லம் போடாமல் அடுப்பை அணைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போர்.

"ஸ்வல்ப வெல்லம் போட்டா என்னவாம்?" என்பார்.

"அதுக்குப் பாயசமே வெச்சிடலாமே அத்தை," என்பேன் நான்.

பிறகு இருவரும் அவர் பக்கம் திரும்பி, யார் கட்சி என்று கேட்போம். கட்சி என்ற சொல் காதில் விழ வேண்டியதுதான், எழுந்து உள்ளே போவார். பீரோவிலிருந்து பட்டாளத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து விறைப்பாக உட்காருவார். இடுப்பில் கைலி.

"யூனிஃபார்ம்ல இருக்கறவன் கட்சி சேரக் கூடாது. சட்டம்."

அத்தை சிரித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பார் எக்கேடு கெட்டால் என்ன? அம்மா வீட்டை விட்டு வந்தவளுக்கு, இங்கே என் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டாமா? சில ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

போன வருடம் முகாமில் புதிதாகச் சேர்ந்த ஒருவரோடு அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "டியூட்டி இல்லாதப்போ யூனிஃபார்ம் போட்டுட்டுத் திரியாதேப்பா, தப்பு. தொப்பி கூடத்தான்." நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீர் வழிய வழியச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் தொப்பியோடு வந்தார்.

"என்னங்க, இப்ப டியூட்டில இருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப தொப்பி எப்படிப் போடலாம்? உங்க கர்னலுக்கு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

மெதுவாகக் கழற்றினார். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. "இப்ப சட்டப்படி நீங்க வெறும் மனுஷன். சொல்லுங்க, யார் கட்சி?" என்றேன். அத்தையும் கரண்டியோடு வந்து நின்றார்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"எனக்குச் சாம்பாரே பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே. ரசம் இருந்தா போதும்."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா யாருக்குடா பருப்பு வேக வெச்சேன்?" சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா இவனை?"

"பாத்தேன் அத்தை," என்றேன். கையை விடவில்லை.

அன்று மத்தியானம் அவருக்கு ரசமும் கிடைக்கவில்லை.