கெண்டைக்காலும் கஞ்சித் தண்ணீரும்

முதல் தடவை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது நான் கரும்பலகையில் ‘ழ’ எழுதிக்கொண்டிருந்தேன். சுழி முடியவில்லை. இடது காலின் பின்சதை கல்லாகத் திரண்டு மேலே ஏறியது. கத்திவிடாமல் இருக்கப் பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆறாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்” என்றேன், திரும்பாமலே. ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். ஆறு முடிந்து, ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி போன பிறகுதான் சதை தளர்ந்தது. அன்று சாயங்காலம் வரை அந்தக் காலைப் பதமாக ஊன்றி நடந்தேன். பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலப்பாறையிலிருந்து மூன்று மைல் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அது. பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்த மறு வருஷம் அங்கே வேலைக்குப் போனேன். எனக்கு இருபத்தாறு வயது. கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் இரண்டு தடவை பேசி நின்றுபோயிருந்தது. மூன்றாவது தடவையைப் பற்றிப் பேசுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். தோட்டத்துக் குழந்தைகளுக்குத் தமிழில் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதியதும் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. கோட்டயம் வரை கூட வந்து, மலைக்குப் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, பஸ் புறப்படுவதற்கு முன்பே திரும்பி நடந்தார்.

ஆபீஸ் ஊழியர்களின் வீட்டு வரிசையில் கடைசி அறையை எனக்குக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் திருவல்லாப் பக்கத்துக் குமாஸ்தாவும் அவர் மனைவியும். அந்த அம்மாள் என்னைக் கண்டால் சிரிப்பாள். எனக்கு மலையாளம் தெரியும், அவளுக்கும் பேச ஆசையிருந்திருக்கும். ஆனாலும் அந்தச் சிரிப்பைத் தாண்டி இரண்டு பேரும் போகவில்லை. பள்ளிக்கூடம் அங்கிருந்து அரை மணி நேர இறக்கம். காலை ஏழரைக்கு அறையைப் பூட்டினால் மாலை ஐந்துக்குத்தான் கதவைத் திறப்பேன்.

பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கொட்டகை. நான்கு வகுப்புக்கும் நான் ஒருத்தி. மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, சுவரில் இந்தியா படம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. அன்றைக்கு அதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இப்போது எழுதிவிடுகிறேன்: கக்கூஸ் இல்லை. பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடிவிட்டு வருவார்கள். டீச்சர் எங்கே போவாள் என்று பள்ளிக்கூடம் கட்டியவர்கள் யோசித்திருக்கவில்லை. ஆபீஸில் ஒன்று உண்டு. சாவி தலைமைக் குமாஸ்தாவின் மேஜையில், ஏழெட்டு ஆண்களுக்கு நடுவே தொங்கும்.

ஆகவே தண்ணீர் குடிப்பதை விட்டேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அவ்வளவுதான். மத்தியானம் கொண்டுபோன தயிர் சாதத்தைத் தண்ணீர் இல்லாமலே விழுங்குவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் நிரப்பியது லயத்திலிருந்து, கூலித் தொழிலாளிகளின் வரிசை வீடுகளிலிருந்து, வந்த ஒரு வேலைக்காரி. நான் வளர்ந்த வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். யாரும் என்னிடம் குடிக்காதே என்று சொல்லி அனுப்பவில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் அது என் தொண்டையில் இருந்தது.

அந்த வருஷம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. குளிரும் ஈரமுமாகக் கால் வலி அடிக்கடி வரத் தொடங்கியது. விடியற்காலையில் எழுந்து காலை நீட்டினால் வரும். ஏற்றத்தில் நடக்கும்போது வரும். வெறுமனே நிற்கும்போதும் வரும். சதை முறுக்கிக்கொள்ளும்போது பாதம் தானாகக் கீழ்ப்பக்கம் வளைந்து நிற்கும். அதை நிமிர்த்த இன்னொருவர் கை வேண்டும். கல்பாத்தியில் என்றால் தங்கை வந்து விரல்களைப் பிடித்து இழுத்துவிடுவாள், இழுத்துக்கொண்டே கேலியும் செய்வாள். இங்கே நானே குனிந்து பாதத்தை எட்டிப் பிடிப்பதற்குள் வலி வேண்டிய மட்டும் ஆடித் தீர்த்துவிடும். அந்த நேரங்களில் வலியைவிட, கூப்பிட்டால் வருவதற்கு ஒருவரும் இல்லை என்பதுதான் பெரிதாகத் தெரியும்.

வீட்டுக்கு எழுதினேன். அம்மா பதில் போட்டாள்: “கால் கோச்சிப் பிடிக்கறதுன்னு எழுதியிருந்தாய். குளிர்தான் காரணம். தைலம் அனுப்பியிருக்கேன். ராத்திரி சுட வச்சுத் தேச்சுக்கோ. நன்னா சாப்பிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம்.” தைலம் வந்தது. தேய்த்தேன். தேய்க்கும்போது இதமாகத்தான் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் கால் மறுபடியும் பிடித்துக்கொண்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் ஒருநாள் போனேன். கம்பவுண்டர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற, பொறுமையான மனுஷர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

“டீச்சரே, வெள்ளம் நல்லோணம் குடிக்கிறதுண்டா?”

எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர். குடிப்பதில்லை என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது?

“குடிக்கிறேன்” என்றேன்.

“எத்தனை கிளாஸ்?”

“நிறைய.”

ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார். பதினைந்து நாள் ஒழுங்காகக் குடித்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் குறுக்குவழியில் ஏறிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் வலது கால் பிடித்தது. உதறப் பார்த்ததில் இடது காலும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாகப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. நிற்க முடியாமல் செடிகளுக்கு நடுவே தோண்டியிருந்த மழைநீர்க் கானுக்குள் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். குடை உருண்டு போயிற்று. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது? நாற்பத்து மூன்று பிள்ளைகளின் பெயர் எனக்கு மனப்பாடம். அந்த மலையில் பெரியவர் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடைசியில் “ஓ” என்று ஒரு சத்தம் மட்டும் போட்டேன். அந்தச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

“யாரது?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, கையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்குழந்தையின் தாய். குழந்தையைச் சேர்த்த அன்று கைநாட்டு வைக்க வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“ஐயையோ, டீச்சரா? என்ன டீச்சர், கான்ல உக்காந்திருக்கீக? அட்டை ஏறிரும்.”

“கால்…”

“கொரக்களியா? எந்தக் காலு?”

“ரெண்டும்.”

விறகைப் போட்டுவிட்டு என் எதிரே குந்தினாள். கையைக் கம்பளியில் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“தொடலாமா டீச்சர்?”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நான்தான். பத்து மாதமாக நான் நடந்துகொண்ட விதம். “தொடுங்கோ” என்றேன்.

குதிகாலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் விரல்களை என் முழங்கால் பக்கமாக மெல்லத் தள்ளினாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. தள்ளிப் பிடித்தபடியே இருந்தாள்.

“வெறப்பா வச்சுக்காதீக. எங் கையில விட்ருங்க. அழணும்னா அழுங்க, இங்க யாரு இருக்கா.”

அழுதேன். வலிக்காக மட்டும் இல்லை. என் காலை இன்னொருவர் கை பிடித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு கால் தளர்ந்ததும் அடுத்ததை எடுத்துக்கொண்டாள். அதுவும் தளர்ந்தபின் என் முகத்தைப் பார்த்தாள்.

“உதடு வெடிச்சுக் கெடக்கே. டீச்சர், தப்பா நெனைக்காதீக. காலையில இருந்து ஒண்ணுக்குப் போனீகளா?”

“கார்த்தாலே போனேன்.”

“அதுக்கப்பறம்?”

“இனிமேத்தான். ஆத்துக்குப் போய்.”

“ஆத்துக்கா? இந்த மழையில ஆத்துக்கு எதுக்குப் போறீக?”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வீட்டுக்கு” என்று திருத்தினேன்.

“தண்ணி?”

“அதுவும் வீட்டுக்குப் போய்த்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இத்தன நேரமாவா? மாடுகூட நிக்காதே டீச்சர்” என்றாள். இடுப்பில் கட்டியிருந்த தூக்குச் சட்டியை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். “கஞ்சித் தண்ணி, உப்புப் போட்டது. ரெண்டு வாய் குடிங்க.”

“வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்” என்றேன்.

மூடியை மறுபடி போட்டாள். குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். என் வீட்டு வரிசை கண்ணில் படும் இடம் வரை பின்னாலேயே வந்து, அங்கிருந்து இறங்கிப் போனாள். கால்களைத் தொட விட்டவள், தண்ணீரை வாங்க மறுத்துவிட்டேன். அன்று ராத்திரி முழுவதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கொழுந்துக் கூடைகளோடு நாலைந்து பெண்கள்.

“டீச்சர், செத்த வாங்க.”

எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, “சத்தம் போடாம எழுதுங்க, டீச்சருக்கு ஒரு சோலி இருக்கு” என்று அவளே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு பெரிய பாறை. அதன் மறைவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் அவர்கள் எல்லோரும் போவது. நான் போனபோது ஐந்து பேரும் பாதைப் பக்கம் திரும்பி, கூடைகளை முதுகில் போட்டபடி மதில்போல நின்றார்கள். எந்தச் சரிவில் எவ்வளவு கொழுந்து என்று சத்தமாகப் பேசிக்கொண்டார்கள், எனக்குக் கூச்சம் இருக்கக்கூடாது என்று. அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அந்த வழியாகப் போகும்போது ஒருத்தி குரல் கொடுப்பாள்.

ஆனாலும் என் தண்ணீரை நான் வீட்டிலிருந்துதான் கொண்டுபோனேன். ஒரு சின்ன சீசா. அது போதவில்லை. ஒரு வாரம் கழித்து வகுப்பிலேயே மறுபடி கால் பிடித்தது. பத்து மணிக்கு அவள் வந்தபோது நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் மடியிலிருந்து ஒரு அலுமினிய டம்ளரை எடுத்தாள். ஏலப்பாறைச் சந்தையில் வாங்கியதாம்.

“புதுசு டீச்சர். யாரும் வாய் வச்சதில்ல.”

அதைக் கேட்டதும் எனக்குத் தலை தூக்க முடியவில்லை. கையை நீட்டினேன். கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள். வெதுவெதுப்பாக, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தனக்கு வைத்திருந்ததில் பாதி அது. பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

மறைப்புக் கட்டித்தரச் சொல்லி மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களே வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, உரச்சாக்கைப் பிரித்துக் கட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன், உள்ளே ஒரு வாளியும் இருந்தது.

ஆவணி முடிவதற்குள் கால்வலி அநேகமாக விட்டுப்போயிற்று. தண்ணீர்தான் காரணமா, உப்பா, மழை குறைந்ததா, எனக்கு இன்றும் நிச்சயமில்லை. எப்போதாவது பிடித்தால் சுவரில் பாதத்தை வைத்து அழுத்திக்கொள்ளப் பழகிக்கொண்டேன். கோடை லீவில் ஊருக்குப் போனபோது, தைலம் கேட்டுவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. லயத்துக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தேன் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

லீவு முடிந்து திரும்பியபோது, நாலாம் வகுப்புக்கு வரவேண்டிய அவளுடைய பெண்குழந்தையின் இடம் காலியாக இருந்தது. குழந்தையின் அப்பாவை நாலு மைல் தள்ளியிருந்த, தோட்டத்தின் வேறொரு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்களாம். குடும்பத்தோடு போய்விட்டார்கள். மற்றப் பெண்கள் வழக்கம்போலப் பத்து மணிக்குக் குரல் கொடுத்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்து, ஒண்ணுக்குப் போனீகளா என்று கேட்கிறவள் அவர்களில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் புறப்பட்டேன். விசாரித்து விசாரித்து அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கம்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். பலகை போட்டு உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். “யாருன்னு சொல்லட்டும்?” என்று கேட்டாள். ஸ்கூல் டீச்சர் வந்ததாகச் சொல்லச் சொன்னேன். “எதுவும் சோலியா வந்தீகளா?”

“இல்லை, சும்மாத்தான்” என்றேன்.

பனிமஞ்சு இறங்கத் தொடங்கியதும் எழுந்துகொண்டேன். நாலு மைலில் ஒரு ஜீப் மட்டும் என்னைக் கடந்து போயிற்று. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். கால்கள் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.