கங்காணியின் வேக அம்பு

ஹல்துமுல்லையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தியிருக்கிறோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கங்காணி ஒருவர் குந்தியிருந்து, உடைந்த போத்தல் துண்டால் அம்புத் தண்டைச் சீவிக்கொண்டே இருக்கிறார். அவர் மனைவி போட்ட வள்ளிக்கிழங்குப் பாத்தியில் பாதியைக் காட்டுப்பன்றி கிளறித் தின்றுவிட்டதாம். நேற்று அம்பு போய்ச் சேருமுன் பன்றி ஓடிவிட்டதால், இன்று அம்புக்கு வேகம் கூட்டுகிறார்.

“கங்காணியாரே, இன்னும் கொஞ்சம் சீவுனா பல்லு குத்தலாம்,” என்கிறேன்.

“போடா வண்டிக்காரப் பயலே! கனம் கொறஞ்சாத்தான் வேகம். கொழுந்துக் கூடைய எறக்கி வச்ச பொம்பள எப்புடி ஓடுறா, பாத்திருக்கியா?”

“ஓடுறாங்க. கூடவே கொழுந்தும் வருதாங்க?”

முறைத்துக்கொண்டே வில்லை வளைத்து, வாழைமரத்தைப் பார்த்து விடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, அம்பு போனதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மரத்தில் அரை விரல்கூட ஏறாமல் தொங்கி, காற்றடித்ததும் கீழே விழுகிறது. வாழைக்கே வலிக்கவில்லை, பன்றிக்கா வலிக்கப்போகிறது?

“வேகத்தப் பாத்தியா?” என்று மீசையைத் தடவுகிறார்.

அவர் மனைவியும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

“பன்னி வர்றதுக்கு முந்தி நாமளாவது திம்போம்,” என்று மண்வெட்டியை எடுத்துப்போய், மீதிப் பாத்தியில் இன்னும் முற்றாத, விரல் தடிமன்கூட இல்லாத கிழங்குகளைத் தோண்டத் தொடங்குகிறாள்.